ஐந்து பவுண்டும் ஒரு சத்தியமும்: விலைவாசிக் குறியீட்டெண் பிறந்த கதை

ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரி. அங்கே ஃபெல்லோவாக இருப்பவருக்குத் தங்க அறை, சாப்பாடு, உடுத்தத் துணி, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் எல்லாம் கல்லூரியே கொடுத்துவிடும். படிப்பதும் படிப்பிப்பதும்தான் வேலை. இந்தச் சலுகை ஏழைகளுக்கு மட்டும் என்று கல்லூரியை நிறுவியவர்கள் விதி எழுதி வைத்தார்கள். சொந்த நிலத்திலிருந்தோ நிரந்தர மானியத்திலிருந்தோ ஆண்டுக்கு 5 பவுண்டு வருமானம் வரத் தொடங்கினால் ஃபெல்லோ பதவியை விட்டுவிட வேண்டும். சேரும்போதே அப்படிச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும்.

விதி எழுதப்பட்டது இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றி காலத்தில், 1440-க்கும் 1460-க்கும் இடையில். இரண்டரை நூற்றாண்டு கழிந்தது. விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஊரில் எல்லாம் மாறிவிட்டது. 5 பவுண்டு வருமானம் வைத்திருப்பவனை 1700-களில் வசதியானவன் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே? கொஞ்சம் பிதுரார்ஜித நிலம் வைத்திருந்து, வருமானம் 5 பவுண்டைத் தாண்டிவிட்ட ஒருவர் அந்தச் சத்தியத்தை மனசறிந்து செய்யலாமா? செய்தால் பொய்ச் சத்தியப் பாவம் வந்து சேருமா?

இந்தக் கேள்விக்குப் பதிலாக 1707-ல் லண்டனில் ஒரு புத்தகம் வெளிவந்தது. பெயர் 'குரோனிக்கான் பிரிசியோசம்'. ஆக்ஸ்போர்டு மாணவர் ஒருவருக்கு எழுதிய கடிதமாக அமைந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் கிடையாது. கல்லூரியின் பெயரும் உள்ளே கிடையாது. அது ஆல் சோல்ஸ் கல்லூரியாக இருக்கும் என்பது பின்னால் வந்தவர்களின் ஊகம்.

எழுதியவர் வில்லியம் ஃப்ளீட்வுட் என்ற பாதிரியார். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தவர். இரண்டையும் நிறுவியவர் அதே ஆறாம் ஹென்றிதான். பழைய நாணயங்கள் சேர்ப்பதில் பித்துக்கொண்டவர். 1708-ல் பிஷப் ஆனார். 1712-ல் இவர் தம் பிரசங்கத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையைத் தீயிலிட்டுக் கொளுத்த வேண்டும் என்று பிரிட்டனின் மக்களவை உத்தரவிட்டது. அது அரசியல் சண்டை, இங்கே வேண்டாம். முன்னுரைக்காக அன்று பேசப்பட்டவரைப் பொருளாதாரம் இன்று நினைவில் வைத்திருப்பது அந்தப் பெயரில்லாப் புத்தகத்துக்காக.

சத்தியத்தைப் பற்றிய கேள்வி என்பதால் வேறொரு பாதிரியார் வேத வசனங்களை அடுக்கியிருப்பார். ஃப்ளீட்வுட் கணக்குப் புத்தகங்களைத் தேடிப் போனார். மடங்களின் வரவு செலவு, பழைய வரலாற்றுக் குறிப்புகள் என்று கிடைத்ததையெல்லாம் புரட்டி, 600 ஆண்டு விலைகளைத் தொகுத்தார். எந்த ஆண்டில் கோதுமை என்ன விலை, மாடு என்ன விலை, துணி என்ன விலை, கூலியாளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, பாதிரியாருக்கு ஆண்டுக்கு எவ்வளவு. வரிசையாகப் பட்டியல் போட்டார்.

பணத்தைத் தின்ன முடியாது, அதைக் கொடுத்து வாங்கும் பொருளைத்தான் தின்ன முடியும் என்பதுதான் அவருடைய வாதத்தின் ஆணிவேர். ஹென்றி காலத்து 5 பவுண்டுக்கு இவ்வளவு கோதுமையும் இவ்வளவு பீரும் இவ்வளவு துணியும் கிடைத்தன என்றால், அதே அளவு கோதுமையும் பீரும் துணியும் வாங்க இன்று 20 பவுண்டு ஆகிறது என்றால், அன்றைய 5 பவுண்டுக்காரரும் இன்றைய 20 பவுண்டுக்காரரும் ஒரே நிலையில் இருப்பவர்கள்தான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அதுவரை பெரும்பாலும் யாருக்கும் தோன்றவில்லை. (1675-ல் வெளியான ரைஸ் வான் என்பவரின் நாணய நூலில் இந்தச் சிந்தனையின் முளை இருக்கிறது. 'முதல்' என்ற பட்டத்துக்குப் போட்டி எங்கும் உண்டு.)

இரண்டு இடங்களில் ஃப்ளீட்வுட் காட்டிய நிதானம் வியக்க வைக்கிறது. ஒரே ஆண்டின் விலையை வைத்து அவர் தீர்ப்பு சொல்லவில்லை. மழை பொய்த்த ஆண்டில் கோதுமை விலை எகிறும், விளைந்த ஆண்டில் விழும். ஆகவே இருபது ஆண்டுக் காலத்தைச் சேர்த்துப் பார்த்தார். அடுத்தது, என்னென்ன பொருளைக் கணக்கில் எடுப்பது என்பது. பட்டும் வாசனைத் திரவியமும் ஃபெல்லோவுக்கு எதற்கு? தானியம், இறைச்சி, குடிபானம், துணி. கல்லூரியில் இருப்பவனுக்குத் தேவையானவை இந்த நான்குதான் என்று நிறுத்திக்கொண்டார். இன்றைய புள்ளியியல் அலுவலகங்கள் 'நுகர்வுக் கூடை' என்று சொல்வதன் முதல் வடிவம் ஒரு மாணவனின் சாப்பாடும் உடுப்பும்தான்.

கணக்கின் முடிவு: ஆறாம் ஹென்றி காலத்து 5 பவுண்டு, 1707-ல் 28 அல்லது 30 பவுண்டுக்குச் சமம். விதியை எழுதியவர்கள் மனத்தில் வைத்தது 5 என்ற எண்ணை இல்லை, அந்த எண்ணால் அன்று நடந்த வாழ்க்கையை. ஆகவே அந்த அளவுக்குக் கீழே வருமானம் உள்ளவர் தாராளமாகச் சத்தியம் செய்யலாம், பாவம் சேராது.

ஏறத்தாழ ஆறு மடங்கு விலை ஏறியது ஏன்? ஒரு பகுதிக் காரணம் நாணயத்துக்குள்ளேயே இருந்தது. 1440-களில் ஒரு பென்னி நாணயத்தின் எடை 15 கிரெய்ன். 1601-க்குப் பிறகு ஏழே முக்கால். பெயர் அதே பவுண்டு, உள்ளே வெள்ளி பாதி. நடுவில் எட்டாம் ஹென்றி, யுத்தச் செலவுக்காக 1544 முதல் வெள்ளியில் செம்பைத் தாராளமாகக் கலந்தார். நாணயத்தில் அவர் முகம் நேராகப் பார்ப்பதுபோல் பொறிக்கப்பட்டிருந்தது. கைமாறிக் கைமாறித் தேய்ந்தபோது புடைத்திருந்த மூக்கில்தான் மேல்பூச்சு முதலில் போய்ச் செம்பு பல்லிளித்தது. 'செம்பு மூக்கன்' என்று மன்னருக்கே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

வெள்ளி பாதியானது இரண்டு மடங்கைத்தான் விளக்கும். மிச்சம் மூன்று மடங்குக்கு, 1545-ல் தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையில் ஸ்பானியர் கண்ட வெள்ளியையும், ஐரோப்பாவில் பெருகிய மக்கள் தொகையையும் கூப்பிட வேண்டும். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விலைவாசி ஏறும் என்பது கல்லூரிகளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தங்கள் வருமானம் என்று வந்தபோது அவை நன்றாகவே விழித்திருந்தன. 1576-ல், முதலாம் எலிசபெத் காலத்தில், ஒரு சட்டம் வந்தது. முன்னின்று கொண்டுவந்தவர் சர் தாமஸ் ஸ்மித். கேம்பிரிட்ஜ் பேராசிரியராகவும் ஈட்டன் தலைவராகவும் இருந்தவர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளும் ஈட்டனும் வின்செஸ்டரும் தங்கள் நிலங்களைக் குத்தகைக்கு விடும்போது, பழைய குத்தகையில் மூன்றில் ஒரு பங்கைத் தானியமாகக் கணக்கிட வேண்டும் என்றது சட்டம். கோதுமை குவார்ட்டர் 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்று விலை வைத்தார்கள். (நம்மூர் குவார்ட்டர் இல்லை. எட்டு புஷல் தானியம், இரண்டு குவிண்டாலுக்குச் சற்று மேல்.)

உதாரணத்துக்கு, 3 பவுண்டு குத்தகை என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 பவுண்டு தானியப் பங்கு. அந்த விலையில் 1 பவுண்டு என்றால் 3 குவார்ட்டர் கோதுமை. குத்தகைக்காரர் கோதுமையாகவே அளக்கலாம், அல்லது அன்றைய சந்தை விலைக்குப் பணமாகக் கொடுக்கலாம். கோதுமை 40 ஷில்லிங்குக்குப் போய்விட்டால் அந்த 1 பவுண்டு 6 பவுண்டாகிவிடும். மற்ற 2 பவுண்டு அப்படியே 2 பவுண்டு. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியான தம் நூலில், மூன்றில் ஒன்றாகத் தொடங்கிய தானியப் பங்கு மற்ற இரண்டு பங்கையும் சேர்த்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று குறிக்கிறார். அகவிலைப்படி நம் காதுக்கு அறிமுகமாவதற்குப் பல நூற்றாண்டு முன்பே கல்லூரிகள் தங்களுக்குத் தாங்களே அகவிலைப்படி போட்டுக்கொண்டன. ஃபெல்லோவுக்கு வைத்த 5 பவுண்டு வரம்பை மட்டும் யாரும் தொடவில்லை. வாங்கும் கையும் கொடுக்கும் கையும் ஒரே கணக்கைப் போட்டதாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை.

அதே ஆடம் ஸ்மித் தம் நூலில் கோதுமை விலை அட்டவணைக்கு ஃப்ளீட்வுட்டைத்தான் நம்பினார். நம்பினாலும் விடவில்லை. அந்தக் காலத்துக் குத்தகைகளில், நிலக்காரர் விரும்பினால் தானியத்துக்குப் பதில் வாங்கிக்கொள்ள ஒரு நிலையான தொகை குறித்திருப்பார்கள். அது சந்தை விலை ஆகாது. ஃப்ளீட்வுட் அதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொண்டு, குவார்ட்டர் 8 ஷில்லிங் என்று எழுதிவைத்தார். பிறகு ஓரிடத்தில் தவற்றை ஒப்புக்கொண்டார். எப்போது? அதே 8 ஷில்லிங்கைப் பதினைந்து முறை எழுதி முடித்த பிறகு, என்கிறார் ஸ்மித். ஒரு விலைப் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு குட்டு போதும். 1423-ல் இருந்த 8 ஷில்லிங்கிலும் 1562-ல் இருந்த 8 ஷில்லிங்கிலும் வெள்ளி ஒரே அளவு கிடையாது, முதலதில் இரட்டிப்பு என்பதையும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

ஸ்மித்தின் நூல் வகுப்பறைக்குள் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்கு அனுப்பும் இளைஞர்களைப் படிக்க வைக்க ஒரு கல்லூரி தொடங்கியது. ஹெய்லிபரி கல்லூரி என்று பெயர் பெற்றது. அங்கே ஸ்மித்தின் நூலை வைத்துப் பாடம் சொன்னவர், 1805-ல் வரலாற்றுக்கும் அரசியல் பொருளாதாரத்துக்கும் பேராசிரியரான பொருளாதார அறிஞர் மால்தஸ். சென்னை ராஜதானிக்கு வேலைக்கு வந்த கம்பெனி அதிகாரிகளில் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

குறியீட்டெண் அதற்குள் உருமாறத் தொடங்கியிருந்தது. 1798-ல் ஷக்பர்க் ஈவ்லின் என்பவர் ராயல் சொசைட்டியின் இதழில் விலை அட்டவணை ஒன்றை வெளியிட்டார். மாடு, கோழி விலையெல்லாம் பேசி அறிவியலின் மதிப்பைக் குறைக்கிறோமோ என்று அவருக்கே கூச்சம். 1871-ல் ஜெர்மானியப் பேராசிரியர் லாஸ்பியர், அடிப்படை ஆண்டில் மக்கள் வாங்கிய அளவை எடையாக வைத்து வாய்பாடு தந்தார். 1874-ல் பாசி, நடப்பு ஆண்டு அளவை வைத்தார். 1922-ல் இர்விங் ஃபிஷர் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கச் சொன்னார். பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் இந்த மூன்று வாய்பாடும் இருக்கின்றன. பிள்ளைகள் அட்டவணை போட்டு, பெருக்கி, கூட்டி விடை எழுதிவிடுகிறார்கள். எதற்காக இந்தக் கணக்கு பிறந்தது என்று பாடம் சொல்வதில்லை. ஐந்து நிமிடம் இந்தச் சத்தியக் கதையைச் சொல்லிவிட்டு வாய்பாட்டுக்குப் போனால் வகுப்பு தூங்காது என்பது என் எண்ணம்.

ஃப்ளீட்வுட்டின் கூடையில் கல்விச் செலவு இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, அந்தக் கூடைக்கு உரியவனுக்குப் படிப்பு இலவசம். இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீட்டில், 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில், கல்வியின் எடை நூற்றுக்கு 4.46 ஆக இருந்தது. உணவும் பானமும் 45.86. இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்த தகப்பனுக்கு இந்த 4.46 சிரிப்பு மூட்டும். அவர் வீட்டுக் கூடையே வேறு. எண் பொய் சொல்லவில்லை. பள்ளிக் கட்டணமே கட்டாத கோடிக்கணக்கான வீடுகளையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. பள்ளிக் கட்டணம் 15 சதவீதம் ஏறி, மற்றதெல்லாம் அப்படியே நின்றால், மொத்தக் குறியீடு ஒரு சதவீதம்கூட நகராது. செய்தியில் வரும் பணவீக்க எண்ணும் ஜூன் மாதத்து வீட்டுக் கணக்கும் ஒட்டாமல் போவது இதனால்தான்.

ஆக்ஸ்போர்டுக்காரரின் சங்கடமும் தீர்ந்தபாடில்லை. வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் நிற்கும் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மத்திய அரசின் வேலைகளிலும் கல்வி நிறுவனங்களிலும் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு 'கிரீமி லேயர்' வருமான வரம்பு உண்டு. தமிழ்நாட்டின் சொந்த இட ஒதுக்கீட்டில் அது கிடையாது. 1993-ல் வரம்பு 1 லட்சம் ரூபாய். ரூபாயின் மதிப்பு மாறுவதைக் கணக்கில் கொண்டு மூன்றாண்டுக்கு ஒருமுறை இதைத் திருத்த வேண்டும் என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. முதல் திருத்தம் வரப் பதினோரு ஆண்டு ஆனது: 2004-ல் இரண்டரை லட்சம். 2008-ல் நாலரை, 2013-ல் ஆறு, 2017-ல் எட்டு லட்சம். அடுத்த மூன்றாண்டுக் கெடு 2020-ல் முடிந்தது. வரம்பு எட்டு லட்சத்திலேயே நின்றது.