ஒரு பாயிண்டில் போன உலகக் கோப்பை

"கட்டுரை எங்கே, கட்டுரை எங்கே" என்று மலர்க் குழுச் செயலாளர் மூன்று மாதமாக விரட்டியதன் விளைவு இது. நான் எழுத்தாளன் அல்ல. பராமரிப்புப் பிரிவில் கிரீஸ் கறையோடு திரிகிற மெக்கானிக்கல் இன்ஜினியர். ஆனால் நம் கல்லூரி ஃபுட்பால் டீமில் நாலு வருஷமும் லெஃப்ட் பேக் ஆடியவன். ஆகவே பந்தும் இன்ஜினும் சேர்ந்து வருகிற ஒரு வரலாற்றை எழுதத் துணிகிறேன். பிழையிருந்தால் நண்பர்கள் பொறுத்தருள்க.

2012 இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பராமரிப்பு பற்றிய ஒரு பயிற்சி வகுப்பு. ஆசிரியர் வந்ததும் வராததுமாகப் பலகையில் எழுதினார்: மொராக்கோ 6, ஜாம்பியா 5, செனகல் 1. "இது உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுப் பட்டியல். ஜாம்பியாவுக்கு அந்த ஒரு பாயிண்ட் எங்கே போச்சு, சொல்லுங்க?" என்றார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அன்று அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

செம்பு தேசத்தின் பந்து

ஜாம்பியா ஆப்பிரிக்காவின் தெற்கே, கடல் இல்லாத நாடு. செம்புச் சுரங்கம்தான் அதன் சோறு. கிட்வே, முஃபுலிரா போன்ற சுரங்க ஊர்களில் நல்ல கால்பந்து கிளப்புகள் வளர்ந்தன. தேசிய அணிக்கே 'சிப்போலோபோலோ', அதாவது செப்புத் தோட்டாக்கள் என்று செல்லப் பெயர்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் இந்த அணி இத்தாலியை 4-0 என்று அடித்தது. அதில் மூன்று கோல் கலுஷா புவால்யா போட்டவை. ஆப்பிரிக்காவில் இனி இவர்கள் காலம்தான் என்று பேச்சு எழுந்தது. 1994 அமெரிக்க உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவுக்கு முதல் முறையாக மூன்று இடம் வேறு. கடைசிச் சுற்றில் ஜாம்பியாவோடு மொராக்கோவும் செனகலும். மூவரில் முதலாவது வருபவருக்கு அமெரிக்க டிக்கெட்.

1993 ஏப்ரல் 27

திறமை இருந்தது, காசு இல்லை. கால்பந்துச் சங்கத்தால் பயணிகள் விமானத்தில் டிக்கெட் எடுக்க முடியாததால், அணி விமானப் படையின் 'பஃபலோ' விமானத்தில் போய் வந்தது. இரண்டு இன்ஜின் கொண்ட, சரக்கும் சிப்பாய்களும் ஏற்றுகிற விமானம். நீண்ட தூரம் ஒரே மூச்சில் போகாது. இறங்கி இறங்கி எரிபொருள் போட வேண்டும்.

மொரீஷியஸில் ஓர் ஆட்டத்தை 3-0 என்று ஜெயித்துத் திரும்பிய அணி, உடனே செனகலுக்குக் கிளம்பியது. பிரஸ்ஸாவில், லீப்ரவில், அபிஜான் என்று மூன்று இடத்தில் இறங்கி டாக்கர் போய்ச் சேருவதாகத் திட்டம். முதல் நிறுத்தத்திலேயே இன்ஜினில் கோளாறு தெரிந்தது. இருந்தும் கிளம்பினார்கள். காபோனின் தலைநகர் லீப்ரவிலில் எரிபொருள் போட்டு இரவில் மேலே ஏறிய விமானம், சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. கரை வெறும் 500 மீட்டரில் இருந்தது. 18 ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர் காட்ஃப்ரே சிட்டாலு, விமான ஊழியர்கள் உட்பட 30 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

காபோன் அரசின் விசாரணை அறிக்கை பத்து வருஷம் கழித்து, 2003 இல்தான் வெளியானது. இடது இன்ஜினில் தீ. விமானி தவறுதலாக வலது இன்ஜினை நிறுத்திவிட்டார் என்றது அறிக்கை. நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை: இரட்டை இன்ஜின் விமானம் ஒன்று போனாலும் மற்றொன்றில் சமாளிக்கும். நல்லதை அணைத்துவிட்டால் எதுவும் மிச்சமில்லை.

"பைலட் தப்பு" என்று ஃபைலை மூடிவிடலாம். ஆனால் அதே அறிக்கை, முந்தின நாள்தான் மொரீஷியஸிலிருந்து அணியை ஓட்டி வந்த விமானியின் களைப்பையும், பழுதான ஓர் எச்சரிக்கை விளக்கையும் சொல்கிறது. பல மாதம் ஓடாமல் கிடந்த விமானம் அது. பயணத்துக்கு முன் சோதித்தபோது எண்ணெய் வடிகட்டியில் கரித் துகள்கள் தென்பட்டிருக்கின்றன. வடிகட்டி பேசும் நண்பர்களே; கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ஒரு டிரா போதும்

கலுஷா அப்போது ஹாலந்தில் ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து நேரே செனகல் போவதாக ஏற்பாடு, அதனால் தப்பினார். லுசாகாவின் சுதந்திர ஸ்டேடியத்தை ஒட்டியே நண்பர்களைப் புதைத்தார்கள். அந்தக் கல்லறைகளுக்குப் பக்கத்தில்தான் புது அணி ஆடியாக வேண்டும்.

ஆடினார்கள். டென்மார்க்கில் பயிற்சி எடுத்து வந்த புதிய பையன்களுக்குக் கலுஷா கேப்டன். ஜூலை 4 அன்று மொராக்கோ முதல் கோல் போட்டது. கலுஷா ஃப்ரீ கிக்கில் சமன் செய்ய, முடிவில் ஜாம்பியா 2-1. செனகலில் 0-0, சொந்த ஊரில் செனகலை 4-0. அந்தக் காலத்தில் வெற்றிக்கு 2 பாயிண்ட். ஜாம்பியா 5, மொராக்கோ 4. கடைசி ஆட்டம் அக்டோபர் 10, காசாபிளாங்காவில். டிரா செய்தாலே அமெரிக்கா!

இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் மொராக்கோ ஒரு கோல் போட்டது. 1-0. அவ்வளவுதான். ஜாம்பியாவின் ஆண்கள் அணி இன்றுவரை உலகக் கோப்பையில் ஆடியதில்லை.

ஆறே மாதத்தில், 1994 ஏப்ரலில், அதே பையன்கள் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி வரை போய் நைஜீரியாவிடம் 2-1 என்று தோற்றார்கள். பிறகு 2012. இறுதி ஆட்டம் நடந்த ஊர் அதே லீப்ரவில். கடற்கரைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்து, ஐவரி கோஸ்டைப் பெனால்டியில் 8-7 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். அப்போது கால்பந்துச் சங்கத் தலைவர் யார் தெரியுமா? கலுஷா! 2023 இல் ஜாம்பியப் பெண்கள் அணி உலகக் கோப்பைக்கே தகுதி பெற்று, கோஸ்டாரிகாவை 3-1 என்று வென்றது.

நம்ம கதை

இதை எழுதும்போது நம் பி.டி. சார் ஞாபகம் வருகிறது. நான் மூன்றாம் வருஷம் படிக்கையில், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு இரவில் கிளம்ப வேன் வந்து நின்றது. சார் சுற்றி வந்து பார்த்தார். ஒரு ஹெட்லைட் எரியவில்லை. பின் சக்கரத்துக்கு உள்பக்கம் பிரேக் ஆயில் கசிந்திருந்தது. "ஒண்ணும் ஆகாது சார், தாங்கும்" என்றார் டிரைவர். "எறங்குங்கடா எல்லாரும்" என்றார் சார். வேறு வண்டி கிடைக்கவில்லை. எதிரணிக்கு வாக் ஓவர்.

கோல் வாங்காமலே தோற்ற அந்தத் தோல்விக்காக ஒரு மாதம் அவரிடம் நாங்கள் யாரும் பேசவில்லை. நான் அவர் காதுபடவே "பயந்தாங்கொள்ளி" என்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

இப்போது என் மேஜைக்கு "தாங்கும் சார்" என்ற சொல் வாரம் ஒரு முறையாவது வருகிறது. சில நாள் நானும் தலையாட்டிவிட்டு, ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டிருக்கிறேன். மெஷினை நிறுத்து என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது. நிறுத்தியவருக்கு யாரும் கோப்பை தருவதில்லை. அன்றைக்கு நடக்காமல் போன விபத்து எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

சந்திப்பு நாளில் சார் வருகிறார் என்று செயலாளர் சொன்னார். அந்தப் பழைய டீமில் இன்று நாங்கள் பதினான்கு பேரும் குடும்பம் குழந்தைகளோடு இருக்கிறோம். மேடையில் பேச எனக்கு வராது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்: சார், அன்றைக்கு நான் சொன்னதை மன்னித்துவிடுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!