ஹாலுக்குக் கீழே ஒரு கடல்: வண்ணாரப்பேட்டை வீட்டில் பவளத் தொட்டி வைக்கலாமா?

இந்த எபிசோடு ஒரு சின்ன வீட்டுக் குழப்பத்துல ஆரம்பிக்குது.

வண்ணாரப்பேட்டையில என் நண்பன் ஒருத்தன் தாத்தா காலத்து வீட்டை இடிச்சிட்டுப் புதுசா கட்டப்போறான். பிளான்ல அவனுக்குன்னு ஒரே ஒரு ஆசைதான். ஹால்ல ஆறடி நீளத்துக்குக் கடல் மீன் தொட்டி, அதுக்குள்ள உயிருள்ள பவளம், கோமாளி மீன். பிளான் ஷீட்டுல "தொட்டி: ஹால், சம்ப்: பேஸ்மென்ட்"னு எழுதி வச்சிருந்தான். அவங்க அம்மா அதைப் படிச்சிட்டு ஒரே கேள்வி கேட்டாங்க: "ஏன்டா, சம்புல மீனை விட்டுட்டா நாம எதைக் குடிக்கிறது?"

சென்னைக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். நம்ம ஊர்ல சம்ப்னா வாசல்ல பூமிக்கடியில இருக்கற மெட்ரோ வாட்டர் தொட்டி. மீன் தொட்டிக்காரங்க சொல்ற சம்ப் வேற. மேல இருக்கற காட்சித் தொட்டியிலிருந்து தண்ணி வழிஞ்சு கீழ இன்னொரு தொட்டிக்கு வரும். அழுக்கை எடுக்கற ஸ்கிம்மர், ஹீட்டர், சில்லர் எல்லாம் அங்கதான் இருக்கும். சுத்தமான தண்ணியை ஒரு பம்ப் திரும்ப மேல ஏத்தும். வீட்டுக்கு வர்றவங்க பார்க்கறது மேல இருக்கற கண்ணாடியை. மீன் உயிரோட இருக்கறது கீழ இருக்கற அந்தத் தொட்டியால.

இந்த யோசனை எங்கேர்ந்து வந்ததுன்னு தேடிப் போனேன். நான் நினைச்சதைவிட ரொம்பப் பழைய கதையா இருந்தது.

1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையில "மீன் வீடு"ன்னு ஒண்ணு திறந்தாங்க. அதுக்குப் பின்னால இருந்த முக்கியமான ஆள் ஃபிலிப் ஹென்றி காஸ். அடுத்த வருஷமே புத்தகம் எழுதினார், உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் பண்ணற முறையையும் சொன்னார். இங்கிலாந்துல கடல் தொட்டிப் பைத்தியம் பிடிச்சது. ஆனா அன்னைக்கு யாருக்கும் சரியா புரியாத விஷயம் ஒண்ணு இருந்தது. மீன் கழிவிலிருந்து வர்ற அமோனியா விஷம். அதை நைட்ரைட், அப்புறம் நைட்ரேட்டுனு மாத்தறது பாக்டீரியா. அதுக்கு இடமும் ஆக்ஸிஜனும் வேணும், ஓடற தண்ணி வேணும். சின்னக் கண்ணாடிப் பெட்டியில தேங்கி நிக்கற தண்ணியில அது நடக்காது. அதனால பெரும்பாலானவங்க வீட்டுத் தொட்டி கொஞ்ச நாள்லயே நாறிப் போச்சு.

இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் பெரிய விஞ்ஞானி இல்ல. வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட், லண்டன்ல புத்தகம் பைண்டு பண்ணிட்டிருந்தவர். மீன் தொட்டி ஆசையில தொழிலையே மாத்திக்கிட்டார். 1864ல ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலைக்கும், 1871ல லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்கும் பெரிய மீன் காட்சியகம் அமைச்சார். அவரோட சூத்திரம் ரொம்ப எளிமை. மக்கள் பார்க்கற தொட்டிகள்ல இருக்கற தண்ணியைப் போலப் பல மடங்கு தண்ணியைத் தரைக்கு அடியில, இருட்டா, குளிர்ச்சியா வச்சிரு. பம்ப் போட்டு ராத்திரி பகலா சுத்த விடு. இருட்டுல பாசி வளராது. தண்ணி அதிகமா இருந்தா ஒரு மீன் செத்தாலும் மொத்தமும் கெட்டுப் போகாது. என் நண்பன் பிளான்ல எழுதின பேஸ்மென்ட் சம்புக்கு நேரடித் தாத்தா இதுதான்.

காஸ் கதைக்கு ஒரு சோகமான வால் இருக்கு. அவர் புத்தகங்களைப் படிச்சிட்டு ஜனங்க கூடையும் ஜாடியுமா இங்கிலாந்துக் கடற்கரைக்குக் கிளம்பினாங்க. பாறைக் குட்டைகள்ல இருந்த கடல் சாமந்தி, நண்டு, எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனாங்க. அந்தக் கரைகள் எப்படி வெறிச்சோடிப் போச்சுன்னு காஸோட மகன் எட்மண்ட், 1907ல வந்த தன் நினைவுக் குறிப்புல எழுதினார். கடலை நேசிக்கக் கத்துக் கொடுத்தவரே அந்தக் கரை காலியாகறதுக்கும் காரணமானார்னு சொல்லணும். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால தேவைப்படும்.

இனி மெட்ராஸுக்கு வருவோம். இங்க அரசு அருங்காட்சியகத்துக்கு 1885லிருந்து 1908 வரைக்கும் பொறுப்பா இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தின புத்தகங்களாலதான் அவரை எல்லாருக்கும் தெரியும். மண்டைகளை அளந்த ஆள்னு திட்டறவங்களும் உண்டு, அது நியாயம்தான். ஆனா அதுக்கு முன்னாலேயே அவர் மன்னார் வளைகுடாவுக்குப் போய் முத்துக்குளிப்பு, சங்கு, கடல் உயிர்கள் பத்தியெல்லாம் எழுதியிருந்தார். மெட்ராஸ்ல கடல் மீன் காட்சியகம் வைக்கணும்ங்கற திட்டத்துக்கு உருக் கொடுத்ததும் அவர்தான். அது 1909ல மெரினாவுல திறந்தது. அப்ப அவர் பதவியிலேயே இல்ல. இந்தியாவுலயே முதல் மீன் காட்சியகம் இதுதான்னு சொல்றாங்க. 1919ல மீன்வளத் துறை கைக்குப் போச்சு. இரண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலியானப்ப அதையும் மூடினாங்க.

அந்தக் காட்சியகம் இருந்த இடத்தை யோசிச்சுப் பாருங்க. கடல் எதிர்லயே இருக்கு. லாயிட் லண்டன்ல தரையைத் தோண்டி இருட்டுல சேர்த்து வச்ச தண்ணி, மெரினாவுல கூப்பிடு தூரத்துல அலையடிச்சிட்டு இருந்தது. வங்காள விரிகுடாவே சம்ப்!

"அப்ப எனக்கும் அதே வசதி இருக்கே! காசிமேடு பக்கத்துலதான். ரெண்டு டிரம் எடுத்துட்டுப் போய் மொண்டுட்டு வந்துடறேன்"னான் நண்பன்.

இங்கதான் 1909க்கும் இன்னைக்கும் நடுவுல நடந்த எல்லாம் குறுக்க வந்து நிக்குது. 2017 ஜனவரி 28, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சு. கரையில பசங்க வாளியால கறுப்புச் சேறு அள்ளின போட்டோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரம் பூரா எண்ணெய் பரவிச்சு. அனல் மின் நிலையச் சாம்பல் எத்தனையோ வருஷமா கொசஸ்தலை ஆத்துக்குள்ள இறங்கிட்டிருக்கு. இந்தத் தண்ணியில மீனவங்க வலை போட்டே ஆகணும், அவங்களுக்கு வேற வழி இல்ல. ஆனா பவளம் ரொம்ப நுட்பமான உயிர். துறைமுகத்துக்குப் பக்கத்துல மொண்ட தண்ணியை அதுக்குக் கொடுக்க முடியாது.

அப்ப என்ன பண்ணறது? குழாய்த் தண்ணியை ஆர்.ஓ.வுல வடிச்சு, பெட்டியில வர்ற கடல் உப்பைக் கலக்கணும். இதுல எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒண்ணு சொல்றேன். 2010ல மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில, கடல் நீர்லேர்ந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கற ஆலை ஓட ஆரம்பிச்சது. வடசென்னைக்கான தண்ணி அது. ஆக, கடல்லேர்ந்து உப்பை எடுத்து, குழாய் வழியா அனுப்பி, வீட்டுல இன்னொரு தடவை வடிகட்டி, கடைசியில காசு கொடுத்து வாங்கின உப்பைப் போட்டுத் திரும்பவும் கடலாக்கறோம். 2019 கோடையில ஏரிகள் வத்தி, இதே தெருக்கள்ல ராத்திரி குடத்தோட லாரிக்குக் காத்திருந்தோம். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணி தர்றதுக்கு ரெண்டு மூணு லிட்டரை வெளிய தள்ளும். அதைத் துணி துவைக்கவாவது பிடிச்சு வைக்கணும்னு அவன்கிட்ட கண்டிப்பா சொல்லியிருக்கேன். துணிக்குப் பேர் போன பேட்டை இல்லையா. கம்பெனிக்காரன் காலத்துல ஏற்றுமதித் துணியை வெளுத்தவங்களும் நெசவாளிகளும் குடியிருந்ததாலதான் ஊருக்கே இந்தப் பேரு.

இப்ப பேஸ்மென்ட். கணக்கைப் பாருங்க. ஆறடி நீளம், ரெண்டரை அடி அகலம், ரெண்டடி உயரம்னா கிட்டத்தட்ட 850 லிட்டர். கண்ணாடி, கல், ஸ்டாண்டு சேர்த்தா ஒரு டன்னுக்கு மேல எடை. கீழ 400 லிட்டர் சம்ப். கரென்ட் போனா பம்ப் நிக்கும். வழியற மட்டத்துக்கு மேல ஒரு அங்குலத் தண்ணி இருந்தாலே சுமார் 35 லிட்டர் கீழ இறங்கும், குழாய்ல நிக்கற தண்ணியும் கூட வரும். அதைத் தாங்கறதுக்குச் சம்புல எப்பவும் காலி இடம் விட்டு வைக்கணும். இல்லேன்னா உப்புத் தண்ணி தரையில. அதோட, பத்தடி ஆழத்துலேர்ந்து தண்ணியை மேல தள்ளணும்னா பெரிய பம்ப் வேணும். வருஷம் பூரா நிக்காம ஓடற பம்ப், கரென்ட் பில்லை யோசிச்சுக்கங்க.

இதெல்லாம் கூட சமாளிக்கலாம். பெரிய பிரச்சினை வெளியில இருக்கற தண்ணிதான். அமெரிக்காவுல குளிர்ப் பிரதேச வீடுகள்ல பேஸ்மென்ட் சகஜம். 1986ல ஜார்ஜ் ஸ்மிட் எழுதின கட்டுரைகளுக்கு அப்புறம் அங்க "குட்டிப் பவளத்திட்டு" மோகம் கிளம்பினப்ப, சம்ப் முதல்ல தொட்டிக்கு அடியில இருக்கற அலமாரிக்கும், பிறகு பேஸ்மென்ட்டுக்கும் போச்சு. வண்ணாரப்பேட்டையில கடலோர மணல், மழைக்காலத்துல நிலத்தடி நீர் மேல வந்துடும். பேஸ்மென்ட் சுவர்ல வெளியிலேர்ந்து தண்ணி அழுத்தும், விரிசல் கிடைச்சா உள்ள வரும். நண்பன் உடனே, "பக்கத்துல மெட்ரோ ஸ்டேஷனே பூமிக்கடியில இருக்கே"ன்னான். இருக்கு, 2019லேர்ந்து. அதுக்கு ஆழமா கான்கிரீட் டயஃப்ரம் சுவர் இறக்கியிருக்காங்க. நீ இறக்குவியா? மிக்ஜாம் சமயத்துல வடசென்னையில தண்ணி எப்படி நின்னுச்சு, எத்தனை நாள் கரென்ட் இல்லாம இருந்ததுன்னு அவனுக்கே தெரியும். முதல்ல முழுகறது பேஸ்மென்ட்தான், அதுக்குள்ள இருக்கற பம்பும் அதோட சேர்ந்துதான். பம்ப் நின்னா மேல இருக்கற மீனுக்கு ஆக்ஸிஜன் சில மணி நேரம்தான்.

இதுக்கே அவன் முகம் வாடிப் போச்சு. பவளத்தைப் பத்தி நான் இன்னும் பேசவே இல்ல.

தொட்டிக்குள்ள பவளம் வளர்க்க முடியும்னு உலகத்துக்குக் காட்டினவங்கள்ல ஒருத்தர் நம்ம பக்கத்துக் கடல்காரர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடல்லேர்ந்து உயிரோட எடுத்த பாறை, காத்துக் குமிழி, வெயில், அவ்வளவுதான் அவர் முறை. 1961ல அதைக் கட்டுரையா எழுதினார். ஆனா அந்த "உயிர்ப் பாறை"யை யாராவது கடல்லேர்ந்து பேர்த்துத்தானே எடுக்கணும்?

நமக்கு அந்தக் கடல் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவுன்னு கணக்கு. அதுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்குள்ள போயிடுச்சு. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பல வருஷம் பவளத்தை வெட்டி எடுத்தது அதுக்குப் பெரிய காரணம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1986லேயே தேசியப் பூங்கா அறிவிச்சாச்சு, அப்புறமும் வெட்டினாங்க. 2001ல, திட்டு கட்டற பவளம் மொத்தத்தையும் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க. புலி இருக்கற அதே அட்டவணை. கடல் குதிரையையும் கடல் விசிறியையும் அப்ப அதுலதான் சேர்த்தாங்க. செத்த பவளத் துண்டை அலங்காரத்துக்கு வச்சிருந்தாலும் குத்தம்தான். "கொளத்தூர்ல யார்கிட்டயாவது கேட்டா கிடைக்காதா?"ன்னு இழுத்தான். நான் பதில் சொல்லல, காஸ் மகன் எழுதின கதையைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

அப்புறம் பிளான் ஷீட்டை எடுத்து அவனே பேஸ்மென்ட்டை அடிச்சான். இப்போதைய ஏற்பாடு இது. தெரு மட்டத்துக்கு மூணடி மேல தரைத்தளம். மாடிப்படிக்குக் கீழ, வெளிச்சம் படாத மூலையில சம்ப். லாயிட் கேட்ட இருட்டு அங்க கிடைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஹால்ல தொட்டி. தண்ணியை 26 டிகிரியில வைக்க சில்லர், மே மாசச் சென்னையில அது இல்லாம நடக்காது. பம்புக்குத் தனி இன்வெர்ட்டர். பவளத்துக்குப் பதிலா சுட்ட களிமண்ணுல செஞ்ச துளைத்துளையான பாறை. பாக்டீரியாவுக்குத் துளைதான் முக்கியம், அது எந்தக் கடல்லேர்ந்து வந்ததுங்கறது இல்ல. கோமாளி மீன் மட்டும் போகல. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்க வச்சு வளர்க்கற முறையை உருவாக்கியிருக்கு. அந்த மாதிரி பண்ணையில பிறந்த மீனைத்தான் வாங்குவேன்னு சொல்லியிருக்கான்.

அம்மாகிட்ட கணக்கைக் காட்டினோம். லிட்டருக்கு 35 கிராம் வீதம், மொத்தத் தண்ணிக்கு முதல் தடவையே 44 கிலோ உப்பு. "அத்திப்பட்டு உப்பு மூட்டையா வாங்கிக் கொட்டேன், எதுக்கு இவ்வளவு விலை?"ன்னாங்க. உப்பளத்து உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு, கடல்ல கால்சியம், மக்னீசியம்னு நிறைய இருக்கு, அது எல்லாம் சரியான அளவுல வேணும்னு விளக்கினான். பொறுமையா கேட்டுட்டு, மாடியில நின்னுகிட்டு காசிமேடு பக்கம் கையை நீட்டி, "அதுல எல்லாம் இருக்குல்ல?"ன்னாங்க.

"இருக்கும்மா"ன்னான். மேல எதுவும் சொல்லல.