டிவிப் பெட்டியில் கணக்குப் பாடம்: 16 சதவீதத்தின் கதை

கம்ப்யூட்டர்ல படிச்சா பாடம் மண்டையில ஏறுமா ஏறாதா? 2020-ல கொரோனா வந்தப்ப வீட்டுக்கு வீடு நடந்த பட்டிமன்றம் இது. என்னமோ அன்னைக்குத்தான் புதுசா முளைச்ச கேள்வி மாதிரி ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னாங்க. அமெரிக்காவுல இதுக்கு அரசாங்கப் பணம் போட்டு, ஆள் வச்சு அளந்து, 1978-லயே பாதி பதில் எழுதி வச்சுட்டாங்கன்னா நம்புவீங்களா? கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

1970-களின் ஆரம்பத்துல அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ரெண்டு திட்டத்துக்குப் பணம் கொடுத்துச்சு. ஒண்ணு, இல்லினாய் பல்கலைக்கழகத்தோட பிளேட்டோ. டொனால்ட் பிட்சர் 1960-ல ஆரம்பிச்சது. ஆரஞ்சு கலர்ல ஒளிரும் பிளாஸ்மா திரை, விரலால தொட்டா வேலை செய்யும். 1973-லயே அதுல அரட்டை வசதி வந்துடுச்சு. (படிக்க உட்கார்ந்துட்டு அரட்டை அடிக்கிறதை நாமதான் கண்டுபிடிச்சோம்னு இத்தனை நாள் ஒரு பெருமை இருந்துச்சு. போச்சு :-))

பிளேட்டோவைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. எனக்கு இன்னொண்ணுதான் சுவாரசியம். பேர் டிக்கிட். மைட்டர் நிறுவனமும் பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் சேர்ந்து செஞ்சது. ஒரு கலர் டிவி, ஒரு விசைப்பலகை, பின்னாடி மினி கம்ப்யூட்டர். அந்த விசைப்பலகையிலதான் விஷயமே. 'விதி', 'உதாரணம்', 'பயிற்சி', 'சுலபம்', 'கடினம்', 'உதவி'ன்னு தனித்தனிப் பொத்தான் இருக்கும். சூத்திரம் வேணுமா, ஒரு பொத்தான். உதாரணம் வேணுமா, இன்னொண்ணு. புரியலையா, 'சுலபம்' அமுக்கு. எதை, எப்போ, எவ்வளவு வேகத்துல படிக்கறதுன்னு மாணவனே முடிவு பண்ணலாம். "உங்கள் வேகத்தில் கற்கலாம்"னு இப்ப விளம்பரம் போடறாங்களே, அதே சரக்குதான்.

இதைக் கொண்டுபோய் வச்ச இடம் பெரிய பல்கலைக்கழகம் இல்லை. அரிசோனாவுல ஃபீனிக்ஸ் கல்லூரி, வாஷிங்டன் பக்கத்துல வடக்கு வர்ஜீனியா கல்லூரி. ரெண்டுமே சமுதாயக் கல்லூரிகள். ஃபீஸ் கம்மி, ரெண்டு வருஷப் படிப்பு, பகல்ல வேலைக்குப் போயிட்டு வந்து படிக்கிற கூட்டம் நிறைய. பலன் எப்படின்னு அளக்கற வேலையை ஈ.டி.எஸ். கிட்ட கொடுத்தாங்க. ஆமாங்க, நம்மாளுங்க விசாவுக்கு முன்னாடி எழுதற ஜிஆர்ஈ, டோஃபல் நடத்தறாங்களே, அவங்களேதான்.

1978-ல அறிக்கை வந்துச்சு. டிக்கிட்ல கணக்குப் பாடத்தை முழுசா முடிச்சவங்க, வாத்தியார் வகுப்புல முடிச்சவங்களை விட நல்லாவே பண்ணியிருந்தாங்க. அப்போ ஜெயிச்சாச்சா? அடுத்த வரியைப் பாருங்க. வாத்தியார் வகுப்புல சேர்ந்த 100 பேருக்கு 50 பேர் பாடத்தை முடிச்சாங்க. டிக்கிட்ல முடிச்சவங்க 16 பேர்.

இந்தக் கணக்கை எப்படிப் படிக்கறதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. முடிச்ச 16 பேரை மட்டும் வச்சுப் பார்த்தா, மிஷின் அருமையான வாத்தியார். சேர்ந்த 100 பேரை வச்சுப் பார்த்தா, 84 பேரை நடு ரோட்டுல இறக்கி விட்ட பஸ். தானா உட்கார்ந்து படிக்கத் தெரிஞ்சவன் எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் படிச்சுடுவான். 'சுலபம்' பொத்தானை எப்போ அமுக்கணும்னு தெரியறதுக்கே, தனக்கு எது புரியலைன்னு தெரியணுமே! அது தெரியாம முழிக்கிறவனுக்குத்தானே உதவியே வேணும்?

பிளேட்டோவையும் ஈ.டி.எஸ்.தான் அளந்துச்சு. அது முன்னாடியே, 1977-ல. மாணவர்களுக்கும் வாத்தியார்களுக்கும் பிடிச்சிருந்துச்சு, ஆனா மொத்தத்துல மார்க்குல பெரிய வித்தியாசம் இல்லை.

நிற்க. ஒரு 35 வருஷம் தாண்டிக் குதிப்போம்.

2011-ல ஸ்டான்ஃபோர்டுல செபாஸ்டியன் த்ரூனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்துல இலவசமா விட்டாங்க. சேர்ந்தவங்க சுமார் 1,60,000 பேர், முடிச்சவங்க சுமார் 23,000. 2012-ல எம்.ஐ.டி.யோட மின்சுற்றுப் பாடத்துல பதிஞ்சவங்க 1,54,763 பேர், சான்றிதழ் வாங்கினவங்க 7,157. சதவீதம் நீங்களே போட்டுக்குங்க. இதுல ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். சும்மா எட்டிப் பார்க்க வந்தவன் போறது தோல்வி இல்லை. நூலகத்துல நாலு புத்தகத்தைப் புரட்டிட்டு வந்தா ஃபெயிலா என்ன?

ஆனா 2013-ல கலிஃபோர்னியாவுல சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துல நடந்ததுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. த்ரூன் ஆரம்பிச்ச உடாசிட்டியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பாடத்துக்கு 150 டாலர்னு மூணு பாடம் போட்டாங்க. சேர்ந்தவங்க எட்டிப் பார்க்க வந்தவங்க இல்லை, மார்க்கு வேணும்னு வந்தவங்க. ஏற்கெனவே கணக்குல தோத்தவங்களும், வசதி இல்லாத பள்ளிப் பசங்களும் இருந்தாங்க. சிலர் வீட்டுல கம்ப்யூட்டரே இல்லை. ரெண்டு கணக்குப் பாடத்துலயும் பாஸானது சுமாரா நாலுல ஒருத்தர். புள்ளியியல்ல பாதிப் பேர். ஜூலையில திட்டத்தை நிறுத்தி வச்சாங்க. அதே வருஷக் கோடையில நடந்த சுற்றுல புள்ளியியல் தேர்ச்சி 80 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. ஆஹா, திருந்திடுச்சேன்னு பார்த்தா, இந்தத் தடவை சேர்ந்தவங்கள்ல பாதிக்கும் மேல ஏற்கெனவே பட்டம் வாங்கினவங்க!

வேடிக்கை என்னன்னா, அதே பல்கலைக்கழகத்துல 2012-ல எம்.ஐ.டி.யோட மின்சுற்று வீடியோவை வச்சு ஒரு வகுப்பு நடந்துச்சு. பசங்க வீட்டுல வீடியோ பார்த்துட்டு வரணும், வகுப்புல வாத்தியார் பக்கத்துல நின்னு கணக்குப் போட வைப்பார். 91 சதவீதம் தேர்ச்சி. அதுக்கு முன்னாடி அந்தப் பாடத்துல 60-ஐக் கூடத் தொடலை.

நம்ம ஊருக்கு வருவோம். 2003-ல ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து தொடங்கின என்பிடெல் சென்னை ஐ.ஐ.டி.யை மையமா வச்சு வளர்ந்தது. நல்ல வாத்தியார் கிடைக்காத ஊர்ப் பசங்களுக்கு அது ஒரு பொக்கிஷம், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. 2014-லேர்ந்து சான்றிதழும் உண்டு, பரிட்சையை நேர்ல போய் எழுதணும். 2017-ல ஸ்வயம் வந்துச்சு. இந்த மாதிரிப் பாடங்கள்லேர்ந்து 20 சதவீத மதிப்பெண் அலகு எடுத்துக்கலாம்னு 2016-ல சொன்ன யு.ஜி.சி., 2021-ல அதை 40 ஆக்கிடுச்சு. அதாவது, விரும்பி எட்டிப் பார்த்த இடம் இப்போ டிகிரிக்குள்ள வந்துடுச்சு.

எங்க அண்ணன் பொண்ணு ஒரு தனியார் கல்லூரியில இஞ்சினியரிங் படிக்கிறா. ஒரு பாடத்துக்கு வாத்தியார் போடலை, "என்பிடெல்ல எடுத்துக்குங்க"ன்னுட்டாங்க. வழிகாட்டின்னு ஒருத்தர் பேர் நோட்டீஸ் போர்டுல இருக்கு. "ஒரு தடவையாவது பார்த்தியாம்மா?"ன்னு கேட்டேன். "பேர் மட்டும்தான் தெரியும் சித்தப்பா"ங்கறா. அவ படிச்சுடுவா, அந்த 16-ல ஒருத்தி. அவ பெஞ்சுல பக்கத்துல இருக்கற பொண்ணு மூணாவது வாரத்தோட விட்டுட்டாளாம்.

என்பிடெல் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் பரிட்சைக்குப் பதிஞ்சாங்க, எத்தனை பேர் தேறினாங்கன்னு கணக்கு வச்சிருக்கு, பாராட்டணும். அந்த மூணோட நாலாவதா ஒரு எண் இருந்தா நான் அதைத்தான் முதல்ல பார்ப்பேன். சேர்ந்த பசங்கள்ல எத்தனை பேருக்குக் கல்லூரியில பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தார்?