உப்புக் காற்றில் பவர் வீல்சேர்: பேட்டரி சீக்கிரமே படுத்துவிடுவது ஏன்? சார்ஜ் போடும்போது என்ன கவனிக்கணும்?

"வாங்கி ஒரு வருஷம்தான் ஆச்சு, அதுக்குள்ள சார்ஜ் நிக்க மாட்டேங்குது." பவர் வீல்சேர் இருக்கும் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் புலம்பல் இது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் என்றால் கடல் காற்றும் தன் பங்குக்குச் சேர்ந்துகொள்கிறது.

முதுகுத் தண்டுவடம் பாதித்தவர்களுக்கும் தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் தமிழ்நாடு அரசு பேட்டரி வீல்சேரை இலவசமாகத் தருகிறது. வண்டி இலவசம்தான். ஆனால் சில வருஷம் கழித்து பேட்டரி மாற்றும் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். ஒரு ஜோடி புது பேட்டரி, பல மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். அந்தப் பணம் புரளும் வரை வண்டி மூலையில். அதில் போய்வந்த ஆளும் வீட்டுக்குள்ளேயே.

உங்க வண்டியில் இருப்பது எந்த பேட்டரி?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சீட்டுக்குக் கீழே 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சேர்ந்து 24 வோல்ட். கையில் தூக்கினால் கனமாக இருந்தால் அது ஈய அமில பேட்டரி. 'ஜெல்', 'ஏஜிஎம்' என்று எழுதியிருப்பதும் அதே வகைதான். சீல் செய்தது என்பதால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. லேசாக, ஒரே பெட்டியாக இருந்தால் லித்தியமாக இருக்கலாம். லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் சார்ஜர் வேறு வேறு. பின் பொருந்துகிறதே என்று பக்கத்து வீட்டு இ-பைக் சார்ஜரைச் செருகினால் பேட்டரி கெடும், லித்தியம் என்றால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

'முழுசா இறங்கட்டும், அப்புறம் போடலாம்' சரியா?

தப்பு. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம் இது. ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் போட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜில் போட்டாலும் பழைய தெம்பு வராது. ஓட்டித் தேய்ந்த பேட்டரியைவிட, இப்படிக் காலியாகக் கிடந்தே போன பேட்டரிகள்தான் அதிகம்.

அதனால் வெளியே போய்வந்த நாளில், கொஞ்ச தூரமே ஓடியிருந்தாலும், ராத்திரி சார்ஜில் போட்டுடுங்க. முழுதாக ஏற 8 முதல் 10 மணி நேரம் ஆகும். பச்சை விளக்கு எரியும் முன் அடிக்கடி பிடுங்கக் கூடாது. மீட்டர் பாதிக்குக் கீழே இறங்கும் முன் வீடு திரும்புவது நல்லது. மணலில் சக்கரம் புதைந்தால் மோட்டார் கரண்டை உறிஞ்சித் தள்ளும். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் தார் ரோட்டை விட்டு இறங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

ஆஸ்பத்திரி, வெளியூர் என்று வண்டி சும்மா நிற்கப் போகிறதா? ஈய அமில வகையை ஃபுல் சார்ஜ் செய்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்றுங்கள். லித்தியம் நேர்மாறு: பாதி சார்ஜில் வைப்பதுதான் அதற்கு நல்லது.

சார்ஜ் போடும் இடமும் முக்கியம். வெயில் படும் திண்ணை, தகரக் கொட்டகை, அடுப்படி மூன்றும் வேண்டாம். சூடு ஏற ஏற பேட்டரியின் ஆயுள் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு வெளியேறலாம் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும், சாம்பிராணி, கொசுவர்த்தி தள்ளியே இருக்கட்டும்.

உப்பு என்ன செய்கிறது?

பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரிக்கிற காற்று இது. வீல்சேரின் செப்புக் கம்பி எம்மாத்திரம்? உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூக்கும். அந்தப் பூ கரண்டைத் தடுப்பதால் சார்ஜ் சரியாக ஏறாது, மேடு ஏறினால் வண்டி திணறும். பேட்டரியே போச்சு என்று நினைத்துப் புதுசு வாங்கக் கிளம்புவார்கள். அதற்கு முன் முனைகளைப் பார்த்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை வண்டியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து முனைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். ஸ்பானர் ஒரே நேரத்தில் இரண்டு முனையையும் தொட்டால் பொறி பறக்கும். பூவைத் துடைத்து, நட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். லித்தியம் பெட்டியைத் திறக்கவே கூடாது. சார்ஜிங் சாக்கெட்டை மட்டும் உலர்ந்த துணியால் துடைக்கலாம். எந்த வண்டியையும் ஹோஸ் பைப்பால் கழுவ வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும்.

மழை, புயல் நேரத்தில்?

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததுமே ஃபுல் சார்ஜ் போட்டுவிட்டு, சார்ஜரை உயரமான இடத்தில் வையுங்கள். மோட்டாரை விடுவித்து வண்டியைக் கையால் தள்ளவைக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கிய வண்டியை மெக்கானிக் பார்க்காமல் சார்ஜில் போடக் கூடாது.

மாற்ற வேண்டிய நேரம் வந்தால்?

இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே கம்பெனி, ஒரே அளவு. பழசோடு புதுசைச் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் படுத்துவிடும். அரசு கொடுத்த வண்டி என்றால், கடைக்குப் போகும் முன் வாரன்ட்டி இருக்கிறதா என்று ராமநாதபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பழைய ஈய பேட்டரியைத் தூக்கிப் போடாதீர்கள். ஈயத்துக்கு விலை உண்டு. கடையில் எக்ஸ்சேஞ்ச் கேட்டால் புது பில்லில் கழித்துக்கொள்வார்கள்.