ஆச்சி கேட்ட கேள்வி

நான் பி.காம். படித்துக்கொண்டிருந்த சமயம். ஊரில் கன்வென்ஷன் கூட்டம் முடிந்து வந்த ஆச்சி கேட்டாள்: "ஏல, ஞானஸ்நானம் எடுக்காம செத்தவுங்க எல்லாம் நரகம்னு பிரசங்கத்துல சொல்லுதாரே... ஒங்க தாத்தா இப்ப எங்கல இருப்பாவ?"

தாத்தா கடைசிவரை முருகனைத்தான் கும்பிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது போபாலில் வங்கி உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்ததைப் படிப்பேன். அப்படிப் படித்தபோதுதான் ஆச்சியின் கேள்வி எவ்வளவு பழசு என்று தெரிந்தது.

1542 முதல் நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த சவேரியார், 1549-ல் ஜப்பான் போனார். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் இதையேதான் கேட்டார்கள். செத்துப்போன அப்பா அம்மாவை ஜெபம், தர்மம் செய்து மீட்க முடியாதா? முடியாது என்றார். அழுதார்கள். அதைப் பார்த்துத் தனக்கும் வருத்தமாக இருந்தது என்று 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்.

ஆனால் ஆதித் திருச்சபையில் பதில் இவ்வளவு முடிவாக இருக்கவில்லை. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிஜன், கடவுளின் தண்டனை வைத்தியர் கொடுக்கும் வலி மாதிரி, குணமாக்கத்தான் என்றார். கடைசியில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்பது அவர் நம்பிக்கை.

4-ஆம் நூற்றாண்டில் நிசா நகர் கிரகோரியும் அதே பக்கம். மரணப்படுக்கையில் கிடந்த அக்கா மக்ரீனாவோடு பேசியதாக ஓர் உரையாடல் எழுதினார். பொன்னை நெருப்பில் இட்டு அழுக்கைப் பிரிப்பது போலத்தான் தண்டனை என்கிறாள் அக்கா. கடனைத் தீர்க்கும்வரை சிறை என்ற உவமையையும் எடுக்கிறாள். என் தொழில் இது என்பதால் சட்டென்று பிடிபட்டது! எவ்வளவு பெரிய கடனுக்கும் ஒரு தொகை உண்டு. தொகை இருந்தால் தீர்வதும் உண்டு.

அகுஸ்தீன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மத்தேயு 25:46-ல் நித்திய ஜீவன், நித்திய தண்டனை இரண்டுக்கும் ஒரே சொல். தண்டனைக்கு முடிவு உண்டென்றால் ஜீவனுக்கும் உண்டா என்று மடக்கினார். வலுவான வாதம்தான். அந்தக் கிரேக்கச் சொல் 'யுகம்' என்பதிலிருந்து வந்தது, முடிவில்லாதது என்றுதான் அர்த்தம் கொள்ள வேண்டியதில்லை என்பது எதிர்த்தரப்பு. முடிவில்லாத தண்டனையை நம்பாத கிறிஸ்தவர்கள் 'மிகப் பலர்' என்று அகுஸ்தீனே எழுதியிருக்கிறார்.

543-ல் பேரரசர் ஜஸ்டீனியன் ஓரிஜனின் கருத்துகளைக் கண்டித்து ஆணையிட்டார். 553-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவர் பெயரைத் துர்உபதேசிகள் பட்டியலில் சேர்த்தது. ஆள் செத்து 300 வருஷம் ஆன பிறகு! கிரகோரியோ இன்றும் புனிதர். ஒரே கருத்துக்கு ஒருவருக்கு சார்ஜ் ஷீட், இன்னொருவருக்கு பிரமோஷன். (உடம்புக்கு முன்பே ஆத்துமாக்கள் இருந்தன என்பது போன்ற வேறு குற்றச்சாட்டுகளும் ஓரிஜன் மேல் இருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும், தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர் உண்மை மனதோடு கடவுளைத் தேடினால் மீட்படையலாம் என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதைப் படித்தபோது, சவேரியார் முன்னால் அழுத அந்த ஜப்பான்காரர்களைத்தான் நினைத்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஆச்சி போய்விட்டாள். இதையெல்லாம் சொல்லியிருந்தாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரில, தாத்தா எங்க?" என்றுதான் கேட்டிருப்பாள். அதற்கு இன்னமும் என்னிடம் பதில் இல்லை. ஆனால், அப்படிக் கேட்டது அவிசுவாசம் இல்லை ஆச்சி, புனிதர்களே கேட்ட கேள்விதான் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.