கடும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தையும் குடும்பமும் (சிகாமட்)

உண்ண, உடுக்க, புரண்டு படுக்கக்கூடப் பிறர் துணை வேண்டிய குழந்தையை வளர்ப்பது, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த, மலேசியாவின் வட ஜொகூரிலுள்ள சிகாமட் மாவட்டத்தில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கும் உழைப்பு. பல வீடுகளில் முதலில் தாயின் வேலை போகிறது. ஒற்றைச் சம்பளத்தில் டயப்பர், மருந்து, ஜொகூர் பாரு மருத்துவமனைவரை பயணம் எனச் செலவு கூடுகிறது. பிள்ளை வளர வளர, தூக்கிக் குளிப்பாட்டும் தாயின் இடுப்பு விட்டுப்போகிறது. அக்கா சின்ன வயதிலேயே இன்னொரு தாயாகிறாள். அவள் பள்ளிப்பாடத்தை விசாரிக்க ஆளில்லை. ‘என்ன பாவமோ’ என்னும் உறவினர் பேச்சு இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. பாட்டியோ சித்தியோ தோள் கொடுக்கும் வீட்டில்தான் தாய் கொஞ்சம் தூங்குகிறாள்.

மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. சமூக நல இலாகாவில் பதிந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை பெற்றால் உதவிகளுக்கு வழி பிறக்கும். படுத்த படுக்கையாக இருப்போரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கான மாத உதவி, 2021 வரவுசெலவுத் திட்டத்தில் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ஆக உயர்ந்தது. 1984இல் திரங்கானுவில் தொடங்கிய பிடிகே சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் மையங்கள் பகல்நேரப் பயிற்சி தருகின்றன. ஆனாலும், பராமரிப்பவர் சில நாள் ஓய்வெடுக்க, குழந்தையை நம்பி ஒப்படைக்கும் இடமே இக்குடும்பங்களின் முதன்மைத் தேவை.