செந்நாய்களின் பின்னே நடந்த நாங்குநேரிக்காரர்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு காணொளி வந்தது. கரும்புத் தோட்ட வரப்பில் புள்ளி போட்ட மிருகம் ஒன்று நடந்து போகிறது. எந்த ஊர், எந்த மாநிலம் என்று யாருக்கும் தெரியாது. மதியத்துக்குள் அது நம் தென்பெண்ணையாற்றங்கரைக்கே வந்துவிட்டதாகச் செய்தி பரவிவிட்டது. "அடிச்சுப் போடணும்", "மருந்து வெச்சா சரியாப் போயிடும்" என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். மருந்து என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு பெரிய மனிதரின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

அவர் பெயர் ஏ.ஜே.டி. ஜான்சிங். 1945-இல் திருநெல்வேலிச் சீமையின் நாங்குநேரியில் பிறந்தவர். மேற்கே பார்த்தால் களக்காட்டு மலை தெரியும் ஊர். பள்ளி வயதில் ஜிம் கார்பெட்டின் ஆட்கொல்லிப் புலிக் கதைகளைத் தமிழில் படித்தவர். நம்மில் எத்தனையோ பேர் படித்திருக்கிறோம். படித்துவிட்டு ராத்திரி வெளியே போகப் பயந்திருக்கிறோம், அவ்வளவுதான். அவரோ காட்டுக்குள் போக ஆசைப்பட்டார். விலங்கியல் படித்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் ஆசிரியரானார். ஆமாம், அவரும் வாத்தியார்தான். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர் போன ஊரில் பாடம் நடத்திக்கொண்டு, விடுமுறை கிடைத்தால் மலைக்குப் போய்விடுவார்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் புலி, சிறுத்தை பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்கள் அல்லது வெளிநாட்டவர். மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவில் புலியையும் மானையும் முதன்முதலில் அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் ஜார்ஜ் ஷாலர் என்ற அமெரிக்கர். 1967-இல் அவர் புத்தகம் வந்தது. ஜான்சிங்குக்கும் ஒரு வெளிநாட்டவர் வழியாகத்தான் கதவு திறந்தது. நாய் இனங்களை ஆராயும் மைக்கேல் ஃபாக்ஸ் செந்நாயைப் பார்க்க இந்தியா வந்தார். இருவரும் சேர்ந்து செந்நாய் எப்படி வேட்டையாடி உண்கிறது என்று 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் பிறகு 1976 முதல் 1978 வரை கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டில் தங்கி செந்நாய்களை ஆராய்ந்தார் ஜான்சிங். காட்டில் திரியும் பெரிய பாலூட்டிகளை முறைப்படி ஆராய்ந்த முதல் இந்தியர்களில் அவர் ஒருவர்.

ஏன் செந்நாய்? புலிக்கு மரியாதை உண்டு, யானைக்குப் பூசை உண்டு. செந்நாய்க்கு வசவு மட்டும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் செந்நாயைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. துரைமார்கள் சுட வேண்டிய மானை அது தின்றுவிடுகிறதாம்! 1972-இல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. சட்டம் மாறினாலும் மனசு மாற நாளாகும் அல்லவா?

அவரிடம் ரேடியோ கழுத்துப்பட்டை கிடையாது. காலால் நடந்தார். புள்ளிமான் எங்கே கத்துகிறது, குரங்கு எங்கே எச்சரிக்கிறது, காக்கை எங்கே கூடுகிறது என்று காதை வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தேடிப் போனார். எச்சத்தைப் பொறுக்கி, அதிலுள்ள மயிரையும் எலும்பையும் பார்த்து, என்ன தின்றது என்று கணக்கெடுத்தார். பெரும்பாலும் புள்ளிமான்.

அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டு சொன்னவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். செந்நாய் பகலில் வேட்டையாடும். ஒன்றையொன்று விசில் அடித்துக் கூப்பிடும். நம் வீட்டு நாய்க்கு 42 பல், இதற்கு 40. இரையைத் தொண்டையில் கவ்விக் கொல்லும் புலிபோல் அல்லாமல், பல நாய்கள் சேர்ந்து உயிரோடு இருக்கும்போதே கிழித்துத் தின்னத் தொடங்கிவிடும். பார்க்கக் கொடூரம்தான். பதினைந்து கிலோ எடையுள்ள மிருகம், நின்று நிதானமாகத் தின்றால் புலியோ சிறுத்தையோ, ஏன் மனிதர்களோகூட வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் வேக வேகமாக விழுங்குகிறது. விழுங்கியதைச் சுமந்துகொண்டு வளைக்குத் திரும்பி, குட்டி போட்ட தாய்க்கும் குட்டிகளுக்கும் கக்கிக் கொடுக்கிறது. பெற்ற தாய் மட்டுமல்ல, கூட்டத்தில் உள்ள மற்றவையும் கொடுக்கும். குட்டிகள் வளர்ந்து வேட்டை இடத்துக்கு வந்தால், முதல் பந்தி அவற்றுக்குத்தான். பெரியவை ஒதுங்கி நிற்கும்.

இது எனக்குத் தெரியாத காலத்தில், நான் வேறு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

1986. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயப்பாளையம் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அப்போது நாம் எல்லாரும் தென்னாற்காடு மாவட்டம். ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அழுதுகொண்டு வந்தான். ராத்திரி பட்டியில் நான்கு ஆடு செத்துக் கிடக்கின்றன, செந்நாய் கடித்துவிட்டது என்றான். நான்கு ஆடு என்றால் அந்த வீட்டுக்கு வருடத்தின் பாதி வருமானம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? போய்க் கால்தடத்தைப் பார்த்திருக்கலாம். குறைந்தது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் வகுப்பு முழுவதையும் பார்த்து, செந்நாய் ஈவிரக்கமற்ற மிருகம், உயிரோடு தின்னும், பசி இல்லாவிட்டாலும் கொல்லும், அதைப் பூண்டோடு ஒழித்தால்தான் நல்லது என்று பத்து நிமிடம் முழங்கினேன். எனக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்? எங்கோ படித்த வேட்டைக் கதைதான்.

பையன் வீட்டில் போய், "சாரே சொன்னாரு" என்று சொல்லியிருக்கிறான். செத்த ஆடு ஒன்றில், வயலுக்குப் போடும் குருணை மருந்தைத் தடவிக் காட்டோரம் போட்டுவிட்டார் அவன் அப்பா. மறுநாள் விடியற்காலை அங்கே கிடந்தவை: ஒரு நரி, எண்ண முடியாத காக்கைகள், ஊர் நாய்கள் இரண்டு. அதில் ஒன்று அந்தப் பையன் வளர்த்த நாய். செந்நாய் ஒன்றுகூட இல்லை. ஆட்டைக் கடித்தது செந்நாயா, நரியா, ஊர் நாய்க் கூட்டமா என்று கடைசிவரை யாரும் பார்க்கவில்லை. பட்டியைச் சுற்றி இருந்த தடத்தையெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மிதித்துவிட்டார்கள்.

எச்சத்தைப் பொறுக்கிக் கணக்கெடுத்த மனிதரின் கட்டுரை அதற்கு நான்கு வருடம் முன்பே, 1982-இல், லண்டன் ஆராய்ச்சி இதழில் வந்துவிட்டது. மலையடிவார வாத்தியாருக்கு அது எப்படி வந்து சேரும்?

ஜான்சிங் 1985-இல் டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்து, புல முதல்வராக இருந்து 2005-இல் ஓய்வு பெற்றார். நாடு முழுவதும் இன்று காட்டுயிர் ஆராய்ச்சி செய்பவர்களிலும் வன அதிகாரிகளிலும் அவரிடம் நடந்து பழகியவர்கள் ஏராளம். நடக்காதவனுக்குக் காடு தெரியாது என்பது அவர் கட்சி. ஹரித்துவார் பக்கத்தில் கங்கையின் இரு கரையிலும் உள்ள சில்லா, மோத்திச்சூர் காடுகளுக்கு நடுவே யானையும் புலியும் கடக்கும் வழி அடைபட்டதைப் பற்றி வருடக்கணக்காக விடாமல் எழுதினார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது கிர் காட்டு ஆராய்ச்சி. குஜராத்தின் கிர் சிங்கங்களைப் பற்றி அவரும் ரவி செல்லம் உள்ளிட்ட மூவரும் 1994-இல் வெளியிட்டது. 1978 முதல் 1991 வரை சிங்கம் மனிதரைத் தாக்கிய 193 சம்பவங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஐந்தில் நான்குக்கு மேல் சரணாலயத்துக்கு வெளியே நடந்தவை. 1987-88 வறட்சிக்குப் பிறகு தாக்குதல் பல மடங்கு கூடிவிட்டது. சிங்கம் நல்லது என்றோ மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றோ அவர்கள் அதில் உபதேசம் செய்யவில்லை. எங்கே, எப்போது, எதனால் என்று எண்ணிச் சொன்னார்கள்.

கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதையும் கேளுங்கள். மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பக்கம் கரும்புக் காட்டில் சிறுத்தைகள் உண்டு. அவற்றைப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட இடத்துக்குப் பக்கத்தில் மனிதர்கள் மீதான தாக்குதல் அதிகமானது என்று வித்யா ஆத்ரேயா குழுவினர் கண்டறிந்தார்கள். பிறகு அகோலே என்ற ஊர்ப் பக்கம் பார்த்தபோது, சிறுத்தையின் சாப்பாட்டில் பெரும்பங்கு தெருநாய். குப்பை பெருகினால் நாய் பெருகும், நாய் பெருகினால் சிறுத்தை வரும்.

இதைச் சொல்லிவிட்டு, சேர்ந்து வாழ்வோம் என்று இனிக்க இனிக்கப் பேச எனக்கு வாய் வரவில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளையைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்த தாயிடம் அந்தப் பேச்சு எடுபடாது. நான்கு ஆடு போனவனிடமும் எடுபடாது. காட்டைக் காப்பாற்றிய பெருமை நாட்டுக்கு, நஷ்டம் மட்டும் பட்டிக்காரனுக்கு என்றால் அவன் மருந்தைத்தான் தேடுவான். கால்நடையைக் காட்டு விலங்கு கொன்றால் அரசு இழப்பீடு உண்டு. உடலை நகர்த்தாமல், தடத்தை மிதிக்காமல், போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்ல வேண்டும். எழுத்து வேலைக்கு உதவி வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள். எனக்கு இப்போது வேறு என்ன வேலை?

2015-இல் எடுத்த கணக்குப்படி உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் உள்ள செந்நாய்கள் 949-க்கும் 2,215-க்கும் இடையில்தான். நம் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் ஒரு தெருவில் நிற்கும் கூட்டம்கூட அதைவிட அதிகம்.

ஜான்சிங் 2024 ஜூன் 7 அன்று பெங்களூரில் காலமானார். பத்திரிகையில் வந்த அஞ்சலிக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். 38 வருடம் தாமதம்.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். ஐம்பது வயது தாண்டிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். "அன்னைக்கு வகுப்புல செந்நாயப் பத்தி நான் சொன்னது தப்புப்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அதுக்கு மணின்னு பேரு சார். பள்ளிக்கூட வாசல்லயே படுத்திருக்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?" என்றான்.

"இருக்குதுப்பா" என்றேன்.